புதிய 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டையும் நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவை

அச்சுக்கோப்பவன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் போன்றவற்றை வடிவமைத்துத் தரும் சிறிய டிடிபி நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். 2019ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினியில் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுடன் விண்டோஸ் 10 இயங்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாலும், டிஸ்க்கில் இடம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதாலும், 4 டிபி கொள்ளளவுள்ள 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதில் விண்டோஸ் 11ஐயும் லினக்ஸ் மின்ட்டையும் சேர்த்து நிறுவ எண்ணம்.

டிஸ்க்கைப் பொருத்தித் தந்த பணியாளர், பழையது எம்பிஆர் முறையில் (டிஸ்க்கின் பகுதிகளைப் பதிந்து வைக்கும் பழைய அட்டவணை முறை) இருப்பதால் புதியதும் அப்படியே இருக்கட்டும் என்று அதை எம்பிஆர் ஆகத் தொடங்கி வைத்துவிட்டுச் சென்றார். இப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் 2048 ஜிபி ஒரு துண்டாகவும் 1678 ஜிபி வேறொரு துண்டாகவும் தெரிகின்றன. இரண்டாவது துண்டின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்தால் எந்தத் தெரிவும் இயங்குவதில்லை. பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11ஐ நிறுவ முயன்றால், இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது என்றும், இஎஃப்ஐ கணினியில் ஜிபிடி (புதிய அட்டவணை முறை) டிஸ்க்கில் மட்டுமே நிறுவ முடியும் என்றும் ஓர் அறிவிப்பு வந்து, மேலே செல்ல விடுவதில்லை.

டிஸ்க்கில் இன்னும் கோப்பு எதையும் வைக்கவில்லை. ஆகவே முழுவதையும் அழித்துவிட்டுத் தொடங்கவும் தயார். எந்த முறையில் தொடங்க வேண்டும், எத்தனை பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) தேவைப்படும், நிறுவுவதற்கு முன்பே ஃபார்மட் செய்து வைக்க வேண்டுமா, புதிய டிஸ்க் என்றாலும் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியமா என்பவற்றை விளக்கினால் உதவியாக இருக்கும். 4 டிபி என்று பெட்டியில் அச்சிட்டிருக்க, கணினியில் 3726 ஜிபி மட்டும் தெரிவது ஏன் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கரிசல்மண்

வணக்கம். உங்களுக்கு வந்த அறிவிப்பிலேயே விடையின் பாதி இருக்கிறது. நிறுவல் பென்டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் (கணினியைத் தொடக்குவதில் பயாஸுக்குப் பின் வந்த முறை; சுருக்கமாக இஎஃப்ஐ) தொடங்கியிருந்தால் மட்டுமே அந்த அறிவிப்பு வரும். எனவே உங்கள் மதர்போர்டு யூஇஎஃப்ஐ முறையில் இயங்கவல்லது என்பதும், பென்டிரைவ் சரியாகவே தயாரிக்கப்பட்டிருக்கிறது என்பதும் உறுதியாகின்றன. பழைய விண்டோஸ் 10 எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து தொடங்குவதால், பழைய பயாஸ் முறையைப் பாவனை செய்யும் சிஎஸ்எம் என்ற அமைப்பும் உங்கள் மதர்போர்டில் இயக்கத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். இத்தகைய கணினிகளில் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை பட்டியலிடப்பட்டிருக்கும்; ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல் இருக்கும், மற்றொன்றில் இருக்காது.

யூஇஎஃப்ஐ என்ற சொல் இல்லாததைத் தேர்ந்தெடுத்தால் அந்த அறிவிப்பு வராது என்று யாராவது உங்களுக்கு ஆலோசனை சொல்லக்கூடும். அறிவிப்பு வராது என்பது உண்மைதான். ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக யூஇஎஃப்ஐயையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது, அதோடு, டிஸ்க்கின் பாதிக்குச் சற்றே குறைவான இடம் எக்காலத்திலும் பயன்படாமல் போகும். அந்த வழியில் செல்ல வேண்டாம்.

இடம் பயன்படாமல் போவதன் காரணம் எளிய கணக்குதான். எம்பிஆர் என்பது 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த முறை. டிஸ்க்கின் முதல் செக்டரான (செக்டர் என்பது டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புக் கூறு) 512 பைட்டுக்குள் கணினியைத் தொடக்கும் சிறு நிரலும், 64 பைட் அளவுள்ள பார்ட்டிஷன் அட்டவணையும் அடங்கிவிட வேண்டும் என்பதால், அதில் நான்கு பதிவுகளுக்கு மட்டுமே இடமுண்டு. ஒவ்வொரு பதிவிலும் செக்டர் எண்ணைக் குறிக்க 32 பிட்கள்தாம் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 32 பிட்களால் எண்ணக்கூடிய செக்டர்களை 512 பைட்டால் பெருக்கினால் சரியாக 2048 ஜிபி வருகிறது. அதற்கு அப்பால் உள்ள 1678 ஜிபியைச் சுட்டுவதற்கு அந்த அட்டவணையில் எண்ணே இல்லை. ஜிபிடி முறையில் செக்டர் எண்ணுக்கு 64 பிட்களும், வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கான பதிவிடமும் உள்ளன. அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் வைக்கப்படுவதால், தொடக்கத்தில் உள்ளது கெட்டுப்போனாலும் மீட்க வழியிருக்கிறது.

3726 ஜிபி பற்றிய ஐயமும் கணக்கு சார்ந்ததே. தயாரிப்பாளர் 4 டிபி என்பதை 4 லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்; விண்டோஸ் அதே பைட்களை 1024 ஆல் மூன்று முறை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது. ஃபார்மட் செய்வதால் இடம் குறைந்துவிட்டது என்று பலரும் சொல்வது தவறு.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஜிபிடி முறையில் உள்ள பழைய டிஸ்க் ஒன்று கணினியில் இணைந்திருக்கும்போது புதிய டிஸ்க்கில் விண்டோஸை நிறுவினால், பூட் கோப்புகள் (கணினியைத் தொடக்கும் கோப்புகள்) மட்டும் பழைய டிஸ்க்கில் அவற்றுக்கென உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குச் சென்றுவிடுவது அடிக்கடி நேர்கிறது. பிறகு பழையதை அகற்றும் நாளில் புதியது தொடங்க மறுக்கும். உங்கள் பழைய டிஸ்க் எம்பிஆர் என்பதால் அது நிகழாவிட்டாலும், கீழே வரும் அழிக்கும் கட்டளையைத் தவறான டிஸ்க்குக்குக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்கள் நிலையானவை என்று நம்பவே கூடாது.

அடுத்து, மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில் சிஎஸ்எம்மை நிறுத்திவிட்டு, இன்டெல் பலகைகளில் பிடிடி என்ற பெயரில் இருக்கும் டிபிஎம் வசதியை இயக்குங்கள். 2019 காலத்துப் பலகைகள் பலவற்றில் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. பிறகு பென்டிரைவிலிருந்து தொடங்கி, மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையிலேயே ஷிஃப்ட் விசையையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன். டிஸ்க்பார்ட் என்று கொடுத்து உள்ளே சென்று, லிஸ்ட் டிஸ்க் என்ற கட்டளையால் 3726 ஜிபி அளவுள்ள டிஸ்க்கின் எண் எது என்று பாருங்கள். அந்த எண்ணுடன் செலக்ட் டிஸ்க், அதன்பின் கிளீன், அதன்பின் கன்வர்ட் ஜிபிடி. கிளீன் என்பது பார்ட்டிஷன் விவரங்களை மட்டும் நீக்குவதால் நொடிகளில் முடியும்; அதோடு ஆல் என்ற சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதப்படும் என்பதால் பல மணி நேரம் ஆகும், அது இப்போது தேவையில்லை.

இங்கேயே நிறுத்தி, பார்ட்டிஷன் அமைக்கும் வேலையை நிறுவிக்கே விட்டுவிடலாம். ஆனால் நிறுவி தானாக அமைக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் வழக்கமாக 100 எம்பி அளவே இருக்கும். இரண்டு இயங்குதளங்கள் அதைப் பகிரப்போகின்றன என்பதால், அதே சாளரத்தில் கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ என்பதற்கு 512 எம்பி அளவு கொடுத்து, அதை ஃபேட்32 என்ற கோப்பு முறைக்கு விரைவாக ஃபார்மட் செய்து, தொடர்ந்து 16 எம்பி அளவில், விண்டோஸ் தன் தேவைக்கு ஒதுக்கிக்கொள்ளும் எம்எஸ்ஆர் பார்ட்டிஷன் ஒன்றையும் அமைத்துவிடுவது நல்லது. இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பிற்பாடு பெரிதாக்குவது மிகவும் தொல்லையான வேலை. அதன்பின் நிறுவிக்குத் திரும்பி, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸுக்கு 300 ஜிபி வேண்டுமென்றால் 307200 என்று எம்பி கணக்கில் கொடுங்கள்; மீட்புப் பார்ட்டிஷனை நிறுவி தானே கவனித்துக்கொள்ளும். மீதி இடத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். முன்கூட்டியே ஃபார்மட் செய்து வைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

மணிமுத்தாறு

முந்தைய விளக்கம் முறையானது. அதனோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆயினும் அதில் சொல்லப்பட்ட எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது டிஸ்க்கின் சோதனை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். புதிய டிஸ்க்கில் குறை இருந்தால் அது முதல் சில வாரங்களிலேயே வெளிப்பட வாய்ப்பு அதிகம். இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் நிறுவி, வாடிக்கையாளரின் கோப்புகளையும் ஏற்றிய பிறகு வெளிப்படுவதைவிட, காலியாக இருக்கும்போதே வெளிப்பட்டுவிட்டால் கடையில் மாற்றிக்கொள்வது எளிது.

பழைய டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் 10இலேயே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவிப் புதிய டிஸ்க்கின் ஸ்மார்ட் பதிவுகளை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைப்பவை) பாருங்கள். இயங்கிய மணி நேரம் ஒற்றை இலக்கத்திலோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது புதிய டிஸ்க் அன்று. 5ஆம் எண் பதிவு, பழுதுபட்டு மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறது; 197 என்பது படிக்க முடியாமல் ஐயத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவற்றையும், 198 என்பது திருத்த இயலாதவற்றையும் சொல்கின்றன. அந்த மென்பொருள் இவற்றை 05, சி5, சி6 என்று பதினாறின் அடிமான எண்களில் காட்டும். புதிய டிஸ்க்கில் இம்மூன்றின் மூல மதிப்பும் சுழியமாக இருக்க வேண்டும். சி7 எனக் காட்டப்படும் 199ஆம் பதிவு மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். அது கேபிளில் தரவு சிதைவதன் அடையாளம், சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

பதிவுகளைப் பார்ப்பதோடு நிற்காமல் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை எழுதிப் படித்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. விண்டோஸில் அதற்கு எளிய வழி, விரைவு ஃபார்மட் என்ற குறியை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் செய்வதுதான். விஸ்டா முதற்கொண்டு முழு ஃபார்மட் என்பது ஒவ்வொரு செக்டரிலும் சுழியம் எழுதுகிறது. எம்பிஆர் நிலையில் 2048 ஜிபிக்கு மேல் அது எட்டாது என்பதால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷன்களை நீக்கி டிஸ்க்கை ஜிபிடியாக மாற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். நொடிக்கு 150 எம்பி என்ற சராசரி வேகத்தில் 4 டிபிக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். மாலையில் கடையை அடைக்கும்போது தொடங்கிவிட்டால் காலையில் முடிந்திருக்கும். யூபிஎஸ் இல்லாத இடத்தில் மின்தடை வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும், அவ்வளவுதான். முடிந்தபின் ஸ்மார்ட் பதிவுகளை மறுபடி பார்த்து, 5, 197, 198 ஆகியவை சுழியத்திலேயே நிற்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேட்கப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுழலும் டிஸ்க்கில் விண்டோஸ் 11ஐ நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடர்ச்சியான பெரிய கோப்பைப் படிப்பதில் ஹார்ட் டிஸ்க் குறைந்ததன்று. இயங்குதளமோ டிஸ்க்கின் ஆயிரம் மூலைகளில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கின் தலை இடம்விட்டு இடம் நகர வேண்டும். 256 ஜிபி அளவில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) ஒன்றை வாங்கி இரண்டு இயங்குதளங்களையும் அதில் வைத்துக்கொண்டு, 4 டிபியை வேலைக் கோப்புகளுக்கு மட்டும் ஒதுக்கினால் இந்தக் கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். உங்கள் பலகையில், எஸ்எஸ்டியை நேராகச் செருகும் எம்.2 துளை இருந்தால் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். சில பலகைகளில் அந்தத் துளையைப் பயன்படுத்தும்போது சாட்டா இணைப்பிடங்களுள் ஒன்று செயலிழந்துவிடும்.

கரிசல்மண்

எஸ்எஸ்டி பற்றிய கருத்து முற்றிலும் சரி. அப்படி வாங்கினாலும் டிஸ்க்பார்ட் கட்டளைகள் அதே வரிசையில் எஸ்எஸ்டிக்குப் பொருந்தும். 4 டிபியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் தேவைப்படாது, ஜிபிடியாக மாற்றி ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பார்ட்டிஷனாக வைத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கு 300 ஜிபி என்று சொன்னதை மட்டும் எஸ்எஸ்டியின் அளவுக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்டற்றவன்

லினக்ஸ் பக்கத்தைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் நான் சேர்க்கிறேன். விண்டோஸை முதலிலும் மின்ட்டை அடுத்தும் நிறுவுங்கள். வரிசையை மாற்றினால் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் விண்டோஸ் நிறுவி தன்னையே முதல் பூட் தெரிவாக வைத்துக்கொள்ளும் என்பதால், இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனு மறைந்துபோய் மதர்போர்டின் அமைப்பில் வரிசையை மாற்ற வேண்டி வரும்.

மின்ட் பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் இதில் தலையாய நிபந்தனை. ஓர் இயங்குதளம் யூஇஎஃப்ஐ முறையிலும் மற்றது பழைய பயாஸ் முறையிலும் நிறுவப்பட்டால், ஒன்றின் மெனுவிலிருந்து மற்றொன்றைத் தொடங்க இயலாது. சிஎஸ்எம்மை நிறுத்திவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இராது. நிறுவும்போது, பார்ட்டிஷன்களை நாமே அமைக்கும் கடைசித் தெரிவைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே உள்ள 512 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனை இஎஃப்ஐ என்று மட்டும் குறியுங்கள். அதை ஃபார்மட் செய்யும் குறி விழுந்திருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸின் பூட் கோப்புகள் அழிந்துவிடும். மின்ட் இருக்கப்போகும் ரூட் பார்ட்டிஷனுக்கு 60 முதல் 100 ஜிபி வரை, லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 முறையில் கொடுத்தால் தாராளம். ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், மின்ட் அதைக் கோப்பாகவே அமைத்துக்கொள்ளும்.

பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனைத் தனியே பிரிப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேலைக் கோப்புகளை இரண்டு இயங்குதளங்களும் திறக்கும்படி ஒரு பொதுவான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைக்கப்போகிறீர்கள் என்றால், தனி ஹோம் பார்ட்டிஷன் வீண் என்பது என் எண்ணம். அப்படியும் பெரிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால், எக்ஸ்ட்4 இயல்பாக 5 விழுக்காட்டு இடத்தை ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கி வைக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2 டிபி பார்ட்டிஷனில் அது 100 ஜிபி. தரவு மட்டும் வைக்கும் பார்ட்டிஷனுக்கு டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 விழுக்காடாகக் குறைத்துவிடலாம்.

பொதுப் பார்ட்டிஷன் வைப்பவர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்தியே ஆக வேண்டும். அது இயக்கத்தில் இருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பயன்பாட்டில் உள்ளதாகவே குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். இன்னொன்று, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே தொடங்கிவிடுகிறது. மின்ட்டை நிறுவுவதற்கு முன் அமைப்புகளில் அதைப் பார்த்து, வேண்டாமென்றால் நிறுத்துங்கள். வேண்டுமென்றால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும்.

அச்சுக்கோப்பவன்

மூவருக்கும் மிக்க நன்றி. முழு ஃபார்மட்டை நேற்றிரவு தொடங்கினேன். காலையில் பிழையின்றி முடிந்திருந்தது, நீங்கள் சொன்ன மூன்று பதிவுகளும் சுழியத்திலேயே இருக்கின்றன. எஸ்எஸ்டி வாங்குவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

பழைய டிஸ்க் குறித்து இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. சிஎஸ்எம்மை நிறுத்திய பிறகு அதிலுள்ள விண்டோஸ் 10 தொடங்காது என்று புரிகிறது. பேஜ்மேக்கர் கோப்புகளும், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கும் மேற்பட்டவையும் அதில்தான் உள்ளன. எம்பிஆர் டிஸ்க் என்பதால் புதிய விண்டோஸில் அது திறக்காமல் போய்விடுமா? அதையும் ஜிபிடியாக மாற்ற வேண்டுமா?

கரிசல்மண்

மாற்ற வேண்டாம். ஜிபிடியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸைத் தொடக்கும் டிஸ்க்குக்கு மட்டுமே உரியது. தரவு டிஸ்க்காக இணைக்கும்போது விண்டோஸ் 11 எம்பிஆர் டிஸ்க்கை எவ்விதத் தடையுமின்றிப் படிக்கும், எழுதும். புதிய நிறுவல் முழுவதும் முடிந்து, எஸ்எஸ்டியிலிருந்து கணினி ஒழுங்காகத் தொடங்குவதைப் பார்த்த பிறகு பழைய டிஸ்க்கின் கேபிளை மீண்டும் செருகுங்கள். பழைய பயனர் கோப்புறையைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று ஒரு முறை கேட்கும். நிர்வாகி கணக்கில் தொடர்க என்று கொடுத்தால் சற்று நேரத்தில் திறந்துவிடும்.

பழைய விண்டோஸ் 10ஐயே தொடர்ந்து தொடங்க வேண்டிய தேவை இருந்தால், எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்தே கூடவே வருகிறது. தரவை அழிக்காமல் டிஸ்க்கை மாற்றித் தரும், ஆனால் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். நகல் எடுக்காத டிஸ்க்கில் அதை இயக்க வேண்டாம்.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் சில விடுபட்டுப்போகும். விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில், ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அந்தப் பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் உள்ளே சென்றால்தான் கிடைக்கும். இரண்டு இடங்களிலிருந்தும் நகலெடுத்து 4 டிபியில் ஒரு கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கழற்றுவதற்கு முன், விண்டோஸ் 10 இயங்கும்போதே இதைச் செய்துவிட்டால் வேலை சுலபம்.